பக்கத்துல இருக்கிற ஜெப ஆலயத்தோட பழகுறது எப்படி? தமிழ் சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாங்க டொராண்டோல ஆராதனை நடத்துற கட்டடத்துல இருந்து ரெண்டே பஸ் ஸ்டாப் தள்ளி யூதர்களோட ஜெப ஆலயம் ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கா அது வழியாத்தான் போறோம் வர்றோம், சனிக்கிழமை காலையில குடும்பம் குடும்பமா நடந்து போறவங்களைப் பாத்துட்டு கார்லயே "இஸ்ரவேல் ஜனங்க"னு பிள்ளைங்ககிட்ட காட்டுவோம், அவ்வளவுதான் நமக்கும் அவங்களுக்கும் உள்ள உறவு. ஆபிரகாம்ல இருந்து மல்கியா வரைக்கும் நமக்கு மனப்பாடம், அதனால யூதர்களை நமக்கு தெரியும்னு ஒரு நினைப்பு. உண்மையில நமக்கு தெரிஞ்சது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆட்களை. அதுக்கு அப்புறம் அவங்க என்ன படிச்சாங்க, என்ன பாடு பட்டாங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன சமைக்கிறாங்கனு ஒண்ணும் தெரியாது.

மூணு வருஷமா எங்க சபையும் அவங்களும் சந்திச்சுட்டு இருக்கோம். நிறைய சொதப்பியிருக்கோம். நீங்களும் ஆரம்பிக்கணும்னு நினைச்சா எங்க சொதப்பலாவது உங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு எழுதுறேன். நான் திருநெல்வேலி சி.எஸ்.ஐ., அதனால பேச்சுல அந்த வாடை அடிக்கும், ஆர்.சி.காரங்களும் பெந்தெகொஸ்தேகாரங்களும் பொறுத்துக்கோங்க.

1. முதல்ல நம்ம வீட்டைக் கூட்டுங்க

அவங்களுக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இது. எங்களுக்கு இது லேட்டாத்தான் புரிஞ்சுது, அதுவும் ஒரு ஒன்பது வயசுப் பையன் மூலமா. முதல் தடவை ஜெப ஆலயத்துக்கு போனப்ப பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போனோம், ரபி, அதாவது அவங்க போதகர், ரொம்ப அன்பா "ஏதாவது கேக்கணுமா?"னார், இவன் கையைத் தூக்கி "நீங்க ஏன் இயேசுவை கொன்னீங்க?"னு கேட்டுட்டான். அவன் மேல தப்பே இல்ல. அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? நான்தான், அவன் சண்டே ஸ்கூல் வாத்தியார் நான்.

ரபி கோபப்படல. கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "என் தாத்தாவோட ஸ்கூல்ல இந்தக் கேள்வியை கேட்டுட்டுத்தான் அடிப்பாங்க"னு மட்டும் சொன்னார். எனக்கு தரை பிளந்து உள்ள போயிட மாட்டோமானு இருந்துச்சு.

அதனால சண்டே ஸ்கூல் நோட்டு, பெரிய வெள்ளி நாடக ஸ்கிரிப்ட், போன வருஷ பிரசங்கம் எல்லாத்தையும் எடுத்து வச்சு ஒருக்கா வாசிங்க. சிலுவையில அறையிறது ரோம தண்டனை, உத்தரவு போட்டது பிலாத்து, ஆணி அடிச்சது ரோம சிப்பாய். இயேசு, மரியாள், பேதுரு, பவுல் எல்லாருமே யூதர். இது நமக்குத் தெரியாதது இல்ல, ஆனா கதை சொல்லும்போது நல்லவங்க எல்லாரும் ஏதோ கிறிஸ்தவங்க மாதிரியும் கெட்டவங்க மட்டும் யூதர் மாதிரியும் சொல்லி வச்சிருக்கோம். எங்க பழைய நாடகத்துல சீஷர்களுக்கு வெள்ளை அங்கி, பிரதான ஆசாரியனுக்கு கறுப்பு அங்கி, யூதரைக் கேலி பண்ற படத்துல வர்ற மாதிரி ஒட்டு மூக்கு. அந்த மூக்கு எங்க இருந்து வந்துச்சுனு யாரும் கேட்டதே இல்ல.

இன்னொண்ணு "பரிசேயன்"ங்கிற வார்த்தை, இயேசு காலத்து யூதப் பிரிவு ஒண்ணோட பேரு. வெளிவேஷக்காரனைத் திட்ட நமக்கு அதை விட்டா வேற வார்த்தையே வராது. ஆனா 70-ம் வருஷம் ரோமர்கள் தேவாலயத்தை இடிச்ச பிறகு யூத மார்க்கத்தை படிப்பாவும் ஜெபமாவும் காப்பாத்தி கொண்டு வந்தது பெரும்பாலும் பரிசேயர் வழி வந்த ரபிமார்தான். அதாவது நீங்க பிரசங்கத்துல "பரிசேயக் கூட்டம்"னு திட்டும்போது பக்கத்து ஜெப ஆலயத்துக்காரரோட ஆன்மீகப் பாட்டன்மாரைத்தான் திட்டுறீங்க. லூக்கா 13-ல ஏரோது உம்மைக் கொல்லப் பாக்கிறான், போயிடும்னு இயேசுவை எச்சரிச்சதே சில பரிசேயர்தான். அப்போஸ்தலர்களுக்காக ஆலோசனைச் சங்கத்துல எழுந்து பேசின கமாலியேலும் பரிசேயர். பவுல் கடைசி வரைக்கும் "நான் பரிசேயன்"னுதான் சொன்னார். இயேசு பரிசேயரைக் கடுமையா கண்டிக்கிற மத்தேயு 23-ஐ கிழிச்சுப் போடச் சொல்லல, அது ஒரே குடும்பத்துக்குள்ள நடந்த சண்டை, வெளியில இருந்து வந்து அதே வார்த்தையை எடுத்து நாம வீசினா அர்த்தமே மாறிடும்னு சொல்றேன்.

2. ஒரு சாயங்காலம் சரித்திரத்துக்கு ஒதுக்குங்க

"நம்ம ஊர்ல யூதர்களை யாரும் ஒண்ணும் பண்ணலையே, ஐரோப்பாக்காரன் பண்ணதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"னு எங்க சபையில ஒரு மாமா கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனா அவங்க சிலுவையைப் பாக்கும்போது அதுல தமிழ்க் கிறிஸ்தவன், ஐரோப்பியக் கிறிஸ்தவன்னு பிரிச்சுப் பாக்க முடியாதே.

ரொம்ப நீட்ட வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்க: 1096-ல முதல் சிலுவைப் போருக்கு கிளம்பினவங்க எருசலேம் போற வழியிலயே ரைன் நதிக்கரை ஊர்கள்ல, வோர்ம்ஸ், மைன்ஸ் மாதிரி இடங்கள்ல யூதர்களை வெட்டினாங்க. 1144-ல இங்கிலாந்து நார்விச்ல ஒரு பையன் செத்துக் கிடந்தான், அதை வச்சு யூதர் கிறிஸ்தவப் பிள்ளைகளை பலி கொடுக்கிறாங்கனு ஒரு கட்டுக்கதை கிளம்பி நூற்றாண்டுக்கணக்கா உயிர் வாங்குச்சு. 1290-ல இங்கிலாந்து துரத்துச்சு, 1492-ல ஸ்பெயின் துரத்துச்சு. 1543-ல புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச நம்ம லூத்தர், ஆமா நம்ம லூத்தரேதான், ஜெப ஆலயங்களை கொளுத்தச் சொல்லி எழுதினார், நாஜிகள் அதை தூசி தட்டி எடுத்து பயன்படுத்திக்கிட்டாங்க. அமெரிக்க லூத்தரன் திருச்சபை 1994-ல வெளிப்படையா அதை நிராகரிச்சுது.

நம்ம பக்கத்துலயும் முழுசா கை சுத்தம்னு சொல்ல முடியாது. 1560-ல கோவாவுல போர்த்துகீசியர் கொண்டு வந்த சமய விசாரணை 1812 வரைக்கும் இருந்துச்சு, மதம் மாறியும் ரகசியமா யூத வழக்கம் வச்சிருக்காங்கனு சந்தேகப்பட்டவங்களை அது தேடித் தேடிப் பிடிச்சுது. கொச்சி மட்டாஞ்சேரியில 1568-ல கட்டின பரதேசி ஜெப ஆலயத்தை 1662-ல போர்த்துகீசியர்தான் சேதப்படுத்தினாங்க, அடுத்த வருஷம் டச்சுக்காரன் வந்த பிறகுதான் அவங்களுக்கு மூச்சு வந்துச்சு.

ஆனா இதே கரையில அதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த ஒண்ணை நான் எங்க போனாலும் சொல்லுவேன். 849-ல வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துல இருந்த ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, நிலமும் உரிமையும் எழுதிக் கொடுத்த செப்பேடு இருக்கு, தரிசாப்பள்ளி செப்பேடு. வட்டெழுத்துல எழுதினது. அதோட கடைசி ஏட்டுல சாட்சிக் கையெழுத்துகள், சிலது அரபி எழுத்துல, சிலது பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியில, சிலது எபிரேய எழுத்துல. எபிரேய எழுத்துல பாரசீகம் எழுதி கையெழுத்துப் போட்ட யூத வியாபாரிகள்! ஒரு சர்ச்சுக்கு சொத்து எழுதுறாங்க, அதுக்கு யூதர் சாட்சி. அந்த ஏட்டோட படத்தை ரபிகிட்ட போன்ல காட்டினேன், மனுஷன் ரெண்டு விரலால பெருசாக்கி எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டே இருந்தார், அன்னைக்கு பேச வந்த விஷயமே மறந்து போச்சு.

3. மனசு மாறின கதையும் தெரிஞ்சிருக்கணும்

கெட்டதை மட்டும் சொல்லிட்டு விட்டா சபையில குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும், அதை வச்சு யாரோடயும் பழக முடியாது. நம்ம சி.எஸ்.ஐ. பிறந்த அதே 1947-ல, சுவிட்சர்லாந்து சீலிஸ்பெர்க்ல யூதரும் கிறிஸ்தவரும் கூடி சபைகளுக்கு பத்து குறிப்பு எழுதினாங்க, இயேசு யூதத் தாய்க்குப் பிறந்தவர்ங்கிறதை மறக்காதீங்க, சிலுவைப்பாடுகளை சொல்லும்போது யூதர் மேல வெறுப்பு வர்ற மாதிரி சொல்லாதீங்க, இப்படி. இன்னைக்கும் சண்டே ஸ்கூல் வாத்தியார் செவத்துல ஒட்டி வைக்கலாம்.

அந்தக் கூட்டத்துல இருந்தவர்ல ஒருத்தர் ஜூல் ஐசக், பிரெஞ்சு சரித்திர ஆசிரியர். மனைவியையும் மகளையும் நாஜிகள்கிட்ட பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்துல உக்காந்து அவர் செஞ்சது என்னனா, சுவிசேஷங்களை கிரேக்கத்துல வரி வரியா படிச்சு, இந்த வெறுப்பு வேதத்துல இருந்து வந்துச்சா, வேதத்தை சொல்லிக் கொடுத்த விதத்துல இருந்து வந்துச்சானு பாத்தார். 1960 ஜூன்ல எண்பத்திரண்டு வயசுல போப் 23-ம் யோவானை நேர்ல பாத்து கோரிக்கை வச்சார். அந்த போப் ஏற்கனவே 1959-ல பெரிய வெள்ளி ஜெபத்துல யூதரை இழிவா சொன்ன வார்த்தையை எடுத்தவர். அந்தச் சந்திப்பு போட்ட விதை 1965 அக்டோபர் 28-ல கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட அறிக்கையா வந்துச்சு, 2221 ஓட்டு ஆதரவு, 88 எதிர்ப்பு: இயேசுவோட மரணப் பழியை அன்னைக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் போடக்கூடாது, இன்னைக்கு இருக்கிற யூதர் மேல போடவே கூடாது. 1986-ல இரண்டாம் யோவான் பவுல் ரோம் ஜெப ஆலயத்துக்கே போய் நீங்க எங்க மூத்த சகோதரர்கள்னார். யூதர் பக்கத்துலயும் பதில் வந்துச்சு, 2000-ல இருநூறுக்கு மேல ரபிமாரும் அறிஞர்களும் கிறிஸ்தவத்தைப் பத்தி மரியாதையா ஒரு அறிக்கை போட்டாங்க.

4. முதல் மெயில்

சுருக்கமா போடுங்க. நாங்க இன்ன சபை, பக்கத்துலதான் இருக்கோம், உங்களைப் பத்தி தெரிஞ்சுக்க ஆசை, உங்களுக்கு சௌகரியமான நாள்ல நாலஞ்சு பேர் வரலாமா? அவ்வளவு போதும். இயேசுவைப் பத்தின தீர்க்கதரிசனம்னு நாம எடுத்துக் காட்டுற ஏசாயா 53 வேண்டாம். "உங்களுக்காக ஜெபிக்கிறோம்"னு கூட வேண்டாம், நாம நல்ல எண்ணத்துல சொல்றது அவங்களுக்கு வேற மாதிரி கேக்கும்.

வெள்ளி பொழுது சாஞ்சதுல இருந்து சனி ராத்திரி வரைக்கும் ஓய்வுநாள், பதில் வராது. செப்டம்பர், அக்டோபர்ல வரிசையா பண்டிகை, அப்பவும் எதிர்பாக்காதீங்க. யூதர்னா ஒரே மாதிரி இல்லைங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும், பழைய முறையை கறாரா கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ், நடுவுல கன்சர்வேடிவ், காலத்துக்கேத்த மாதிரி மாத்திக்கிட்ட ரிஃபார்ம்னு பிரிவு பிரிவா இருக்கு, ரிஃபார்ம்ல பெண் ரபிகளும் உண்டு. சில ஆர்த்தடாக்ஸ்காரங்க சர்ச் ஆராதனைக் கூடத்துக்குள்ள வரமாட்டாங்க, அதை அவமானமா எடுக்காம ஹால்ல சந்திங்க.

வாசல்ல செக்யூரிட்டி இருப்பார், பை பாப்பார், ஐடி கேப்பார். எங்ககூட வந்த ஒரு மூப்பருக்கு முகம் சுருங்கிடுச்சு, "தேவாலயத்துக்குள்ள போக ஐடியா?"னு. பிட்ஸ்பர்க்ல 2018 அக்டோபர் 27, ஓய்வுநாள் காலை ஆராதனையில 11 பேரை சுட்டுக் கொன்னாங்கனு நான் விளக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள எங்க சபை மட்டக்களப்பு அக்கா ஒருத்தங்க, "அண்ணை, ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு எங்கட தேவாலயங்களிலயும் இப்பிடித்தான் பை பார்த்து விட்டவை"னு சொல்லிட்டு தன் கைப்பையை முதல் ஆளா திறந்து காட்டினாங்க. 2019-ல சீயோன் தேவாலயத்துல பிள்ளைங்களை இழந்த ஊர்க்காரங்க அவங்க. அப்புறம் மூப்பர் வாயைத் திறக்கல.

5. உள்ள போனதும்

ஆம்பளைங்களுக்கு வாசல்லயே கிப்பாங்கிற சின்னத் தொப்பி வச்சிருப்பாங்க, எடுத்து தலையில வச்சுக்கோங்க, நாம சர்ச்சுல தொப்பியைக் கழட்டுறோம், அவங்க மூடுறாங்க, ரெண்டும் மரியாதைதான். ஓய்வுநாள்ல போனை ஆஃப் பண்ணுங்க, போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க, நோட்டுல குறிப்பு கூட எழுதாதீங்க, எழுதுறதும் வேலைக் கணக்கு. தோரா, அதாவது மோசேயோட ஐந்து ஆகமங்கள் எழுதின சுருள் இருக்கிற பெட்டியைத் திறந்தா எழுந்து நில்லுங்க. ஆர்த்தடாக்ஸ்ல ஆண் பெண் தனித்தனி, கை குலுக்க அவங்களே நீட்டுற வரைக்கும் நீட்டாதீங்க. வணக்கம்னு கும்பிட்டா பிரச்சனையே இல்ல, அந்த விஷயத்துல நமக்கு ஈஸி!

முதல் தடவை போறதுக்கு வெள்ளி சாயங்காலம் நல்லது. ஓய்வுநாளை கல்யாணப் பொண்ணு மாதிரி வரவேற்கிற பாட்டு ஒண்ணு உண்டு, கடைசி சரணத்துல எல்லாரும் அப்படியே திரும்பி வாசல் பக்கம் பாத்து குனிவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாம நான் மட்டும் எதிர்ப்பக்கம் பாத்து நின்னேன், பக்கத்துல இருந்த தாத்தா தோளைப் புடிச்சு திருப்பி விட்டார்.

நாக்குல ரெண்டு விஷயம் கவனம். "பழைய ஏற்பாடு"னா காலாவதி ஆனதுனு அர்த்தம் வரும், எபிரேய வேதம்னோ தனாக்னோ சொல்லிப் பழகுங்க. இன்னொண்ணு தமிழனுக்கு ரொம்ப கஷ்டம்: கர்த்தரோட பேரை அவங்க உச்சரிக்கவே மாட்டாங்க, நமக்கு பாட்டுக்குப் பாட்டு யெகோவா. அவங்க முன்னாடி கர்த்தர்னே சொல்லிக்கலாம், நம்ம பைபிள்ல அது ஏற்கனவே இருக்கிறதுதானே.

6. சாப்பாடு, அதாவது எங்க அல்வா கதை

விருந்து கொடுக்காம நமக்கு உறவு இல்லையே. ஊர்ல இருந்து வந்த அக்கா ஒருத்தங்க அசல் திருநெல்வேலி அல்வா ஒரு கிலோ கொண்டு வந்திருந்தாங்க, அன்போட கொண்டு போய் நீட்டினோம். அது அவங்களுக்கு பஸ்கா வாரம், எகிப்துல இருந்து விடுதலையானதைக் கொண்டாடுற பண்டிகை. அல்வாங்கிறது என்ன, கோதுமைப் பால். பஸ்காவுல கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல செஞ்சதுல புளிப்பில்லாத அப்பம் தவிர வேற எதுவும் வீட்டுக்குள்ளயே இருக்கக்கூடாது, தூக்கிப் போடுவாங்க, இல்லனா யூதரல்லாதவங்களுக்கு முறைப்படி வித்துடுவாங்க. அவ்வளவு பாடுபட்டு சுத்தம் பண்ணின வாரத்துல நெய் சொட்டச் சொட்ட கோதுமையைக் கொண்டு போனோம்! ரபி மனைவி வாசல்லயே சிரிச்சுட்டாங்க.

அப்ப இட்லி கொண்டு போகலாமானு கேட்டா அதுலயும் கதை இருக்கு, கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர் பஸ்காவுல அரிசியும் பருப்பும் சேத்துக்க மாட்டாங்க, ஸ்பெயின் வழி, அரபு நாட்டு வழி வந்தவங்க பலர் சேத்துக்குவாங்க. மத்த நாள்லயும் சுத்த சைவம்னா கோஷர், அதாவது அவங்க உணவுச் சட்டப்படி சாப்பிடக்கூடியதுனு அர்த்தம் இல்ல, பாத்திரம், அடுப்பு எல்லாம் கணக்கு. சுருக்கமா, முழுப் பழமும் கோஷர் முத்திரை போட்ட சீல் பாக்கெட்டும் வாங்குங்க, பேப்பர் தட்டு வைங்க, சந்தேகம்னா கேளுங்க. கேட்டா சந்தோஷப்படுவாங்க.

7. சேர்ந்து வேதம் வாசிக்கிறது

எங்களுக்கு ஒட்டினது இங்கதான். ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து சத்தமா வாசிச்சு வாதாடுறது அவங்க படிக்கிற முறை. நாங்க எடுத்தது ஆதியாகமம் 22. நமக்கு ஈசாக்கை பலி கொடுக்கப் போனதுனா உடனே கல்வாரிதான். அவங்க அதை "கட்டுதல்"ங்கிற பேர்ல சொல்வாங்க, புது வருஷப் பண்டிகையோட ரெண்டாம் நாள் வாசிப்பாங்க. என் ஜோடியா உக்காந்த தாத்தா 19-ம் வசனத்துல விரலை வச்சு, "ஆபிரகாம் வேலைக்காரங்ககிட்ட திரும்பி வந்தான்னு இருக்கு, ஈசாக்கு எங்க?"னார். நாப்பது வருஷமா வாசிக்கிறேன், ஒரு நாள் கூட எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்ல. அடுத்த அதிகாரத்துலயே சாராள் சாகுறா, அந்தச் செய்தி கேட்டு நெஞ்சு வெடிச்சுத்தான் செத்தாள்னு பழைய ரபிமார் விளக்கம் ஒண்ணு இருக்காம்.

ரூல் ஒண்ணே ஒண்ணு: "எங்க பாரம்பரியத்துல இப்படி"னு பேசலாம், "இதோட உண்மையான அர்த்தம்"னு ஆரம்பிக்கக்கூடாது. இயேசுவைப் பத்தி அவங்களா கேட்டா தயங்காம சொல்லுங்க, நம்பிக்கையை ஒளிச்சு வச்சுட்டு பழகுறதும் நேர்மை இல்ல. ஆனா மதம் மாத்துற நோக்கத்தை உள்ள வச்சுட்டு வெளியில நட்புனு போர்டு மாட்டாதீங்க, அவங்களுக்கு அது நூத்தாண்டு நூத்தாண்டா பழகின வாசனை, மூணே நிமிஷத்துல கண்டுபிடிப்பாங்க.

8. கசப்பான விஷயங்கள்

இப்ப நம்ம ஆளுங்களுக்கு கொஞ்சம் வலிக்கும். தமிழ் சபைகள் பலதுல இப்ப யூதரோட ஆட்டுக்கொம்பு எக்காளமான ஷோஃபார் ஊதுறாங்க, அவங்க ஜெப சால்வை போத்திக்கிறாங்க, மேடையில இஸ்ரேல் கொடி. இது யூதர் மேல உள்ள அன்புனுதான் நானும் நினைச்சேன். ரபிகிட்ட கேட்டப்ப அவர், "உங்க கல்யாணத் தாலியை நான் பேஷனுக்கு போட்டுட்டு வந்தா எப்படி இருக்கும்?"னு திருப்பிக் கேட்டார். கடைசி கால தீர்க்கதரிசனம் நிறைவேற அவங்க தேவைப்படுறாங்கனு அவங்களை நேசிக்கிறது நேசம் இல்ல, செஸ் போர்டு காய் மேல உள்ள அக்கறை மாதிரிதான் அது. பஸ்கா விருந்து எப்படினு தெரியணுமா, சர்ச்சுல நாமளே ஒண்ணு நடத்தாம அவங்க கூப்பிட்டா போய் உக்காருங்க.

இஸ்ரேல், பாலஸ்தீன விஷயம் கண்டிப்பா வரும். முதல் சந்திப்புலயே டொராண்டோவுல பல் டாக்டரா இருக்கிற ஒருத்தர்கிட்ட அந்த அரசாங்கத்துக்கு பதில் சொல்லுனு நிக்காதீங்க. அதே சமயம் பெத்லகேம்ல தலைமுறை தலைமுறையா வாழ்ற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் நம்ம சகோதரர்தான், அவங்க வலியை இந்த நட்புக்காக முழுங்கவும் வேண்டாம். எங்க குழுவுல ஒரு வருஷம் கழிச்சுத்தான் இதைப் பேசினோம், ரெண்டு பேர் அழுதாங்க, ஒருத்தர் எழுந்து போயிட்டார், அடுத்த மாசம் வந்துட்டார். எங்களுக்கு இன்னும் அதுல உடன்பாடு இல்ல.

9. பெரிய வெள்ளி வருது

மத்தேயு 27:25, இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்னு ஜனங்க கத்துற வசனம். இதை வச்சு எத்தனை ஊரு எரிஞ்சுதுனு இப்ப உங்களுக்குத் தெரியும். வாசிக்கிறதுக்கு முன்னாடி எங்க சபை ஐயர், அதாவது போதகர், இப்ப ரெண்டு நிமிஷம் விளக்கம் சொல்றார். நாடகம் போடுற சபைகள் ஜெர்மனி ஓபராமெர்காவ் கிராமத்தைப் பாருங்க. கொள்ளைநோய்க்கு நேந்துக்கிட்டு 1634-ல இருந்து பாடுகளின் நாடகம் போடுறவங்க, 1934-ல ஹிட்லரே வந்து பாத்து ரசிச்ச நாடகம் அது. அதையே அவங்க யூத அறிஞர்களோட உக்காந்து திருத்தினாங்க, 2000-ல அந்த இரத்தப்பழி வசனத்தை எடுத்தாங்க, இப்பல்லாம் அதுல இயேசு தோரா சுருளைத் தூக்கிப் பிடிச்சு எபிரேயத்துல ஜெபிக்கிறார். முன்னூறு வருஷத்துக்கு மேல பழைய நாடகத்தை திருத்த முடிஞ்சா நம்ம யூத் ஃபெலோஷிப் ஸ்கிரிப்டை திருத்த முடியாதா? அந்த ஒட்டு மூக்கு எங்க அலமாரியில இருந்து குப்பைக்குப் போயாச்சு.

10. அவங்க கதையும் நம்ம கதையும்

கூட்டம் போட்டுப் பேசினா மட்டும் ஆறு மாசத்துல சலிச்சுடும், ஏதாவது வேலையை சேர்ந்து செய்ங்க. நாங்க உணவு வங்கிக்கு டின் அடுக்கப் போறோம், அங்கதான் நிஜப் பேச்சே நடக்கும். ஒரு நாள் அந்தத் தாத்தா செயின்ட் லூயிஸ் கப்பலைப் பத்தி சொன்னார். 1939 மே மாசம் ஹாம்பர்க்ல கிளம்பின யூத அகதிகள், கியூபா எடுக்கல, அமெரிக்கா எடுக்கல, கனடாவும் எடுக்கல, 907 பேர் ஐரோப்பாவுக்கே திரும்பினாங்க, அதுல 254 பேர் நாஜிகள் கையில செத்தாங்க. 2018-ல கனடா பிரதமர் மன்னிப்பு கேட்டார்.

டின் அடுக்கிட்டு இருந்த மட்டக்களப்பு அக்கா நிறுத்திட்டு, 1986-ல நியூஃபவுண்ட்லாந்து கடல்ல லைஃப் போட்ல மிதந்த 155 தமிழரை மீனவர் தூக்கிக் காப்பாத்தினதையும், 2010-ல சன் சீ கப்பல்ல வந்த 492 பேரை இறங்கினதுமே கொண்டு போய் அடைச்சு வச்சதையும் சொன்னாங்க. தாத்தாவுக்கு ரெண்டாவது கப்பல் டிவியில பாத்த ஞாபகம், அதுல இருந்தது தமிழர்னு தெரியாது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கப்பல் பேரு, துறைமுகப் பேருனு மாத்தி மாத்தி கேட்டுட்டு இருந்தாங்க, நாங்க மிச்ச டின்னை அடுக்கினோம்.

இந்த வருஷம் பஸ்கா முடிஞ்ச மறு வாரம் தாத்தாகிட்ட இருந்து எனக்கு ஒரு மெசேஜ்: "இப்ப கோதுமை சாப்பிடலாம். எங்க வீட்டு அடுப்புல, எங்க பாத்திரத்துல, முத்திரை போட்ட நெய்யில உங்க அல்வாவை கிண்ட யாராவது வருவாங்களா?" ஊர் அக்கா திரும்பிப் போயிட்டாங்க, அதனால வாட்ஸ்அப் வீடியோல அவங்க சொல்லச் சொல்ல நானும் தாத்தாவும் மாத்தி மாத்தி ரெண்டு மணி நேரம் கிண்டினோம். கட்டி தட்டிடுச்சு. அடுத்த ஞாயிறு மறுபடி பாக்கலாம்னு இருக்கோம்.